கல்லும் கல்வியும்

வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் பகுதியில் தொடரும் ஊர்கள் தோல் பதனிடுந் தொழிலால் பெயர் பெற்றவை. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு நடந்த அத்தொழில், இன்று பெரும்பாலும் குரோம் உப்பினால் நடைபெறுகிறது. பதனிட்ட தோல் காலணியாகிக் கடல் கடந்தும் செல்கிறது. இவ்வூர்களில் பட்டம் பெற்ற பிள்ளையை நோக்கி, ‘அடுத்து என்ன?’ என்று வினவுவோர் விடையையும் தாமே வைத்திருப்பர். தோல் நுட்பம் பயிலலாம். தொழிற்சாலையில் கணக்கு எழுதலாம். ‘தொல்லியலும் கலை வரலாறும் மேற்கொண்டு பயிலப் போகிறேன்’ என்று ஒருவனோ ஒருத்தியோ கூறிவிட்டால், வீடு திகைக்கும். ‘கல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா?’ என்னும் வினா எழும்.

அவ்வினாவை எள்ளி நகையாடுதல் தகாது. கூலி வேலை செய்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய் கேட்கும் வினா அஃது. தொல்லியல் துறையில் பணியிடங்கள் மிகுதியாக இல்லை. கல்வி முடித்தோர் சில ஆண்டுகள் காத்திருக்கவும் நேரும். இவற்றை மறைத்து மாணவர்க்கு ஆசை காட்டுவது அறமன்று. ஆனால், ‘அக்கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைக்கே உரியது, தோல் மண்டி ஊரில் வளர்ந்தவனுக்கு அதனோடு என்ன உறவு?’ என்று சிலர் கூறுவதுதான் சிறிதும் பொருந்தாது.

திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, புதிய கற்கால மக்கள் தீட்டிப் பயன்படுத்திய கற்கோடரிகள் கிடைத்தன. கருகிய கொள்ளும் பயறும் கிடைத்தன. இன்றும் அவ்வட்டாரத்து அடுப்பில் வேகும் கொள்ளே அது. ஆம்பூரிலோ, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஆநிரை கவர வந்தோரை எதிர்த்து மாண்ட வீரர்க்கு நடுகல் எடுத்துள்ளனர். மாட்டைக் காக்க உயிர் கொடுத்த ஊர், பின்னாளில் மாட்டுத் தோலால் வாழ்வு பெற்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வேலூர்க் கோட்டையினுள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைக் காணாதார் அப்பகுதியில் அரியர். பாயும் குதிரைகளும் யாளிகளும் தாங்கி நிற்கும் அத்தூண்கள் 16ஆம் நூற்றாண்டின. ஆங்கிலேயர் அம்மண்டபத்தைப் பெயர்த்துத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல முயன்றனர் என்றும், அதற்கென வந்த கப்பல் கடலில் மூழ்கியதால் மண்டபம் தப்பியது என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. கடல் காத்துத் தந்ததை நாம் எவ்வாறு காண்கிறோம்? விடுமுறையில் சென்று, ‘அழகாக இருக்கிறது’ என்று கூறித் திரும்புகிறோம். அவ்வழகு எங்கிருந்து வந்தது, விரிஞ்சிபுரத்துத் தூணோடும் திருவரங்கத்துச் சேசராயர் மண்டபத்துக் குதிரைகளோடும் அஃது எவ்வாறு ஒக்கும், எவ்வாறு வேறுபடும் என ஆராய்வதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியே கலை வரலாறு.

இக்கல்விக்கு வரலாறு மட்டும் போதும் என்று எண்ணுதலும் பிழை. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931ஆம் ஆண்டில் கண்டறிந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி. அவை ஈரச் சுண்ணச் சாந்தின்மேல் தீட்டப்பட்டவை என்று ஆராய்ந்து கூறியவர் வேதியியலறிஞர் எஸ். பரமசிவன். அவர் பணியாற்றிய சென்னை அருங்காட்சியக வேதியியல் ஆய்வுக்கூடம் 1930இல் தோன்றியது. தோலின் மயிர் நீங்கச் சுண்ணாம்பிடுவதையும், பதனிடாத தோல் அழுகுவதையும் அன்றாடம் காணும் ஆம்பூர்ப் பிள்ளைக்கு, பொருள்கள் ஏன் கெடுகின்றன, எதனால் நிலைக்கின்றன என்னும் ஆராய்ச்சி அயலானதன்று. ஆம்பூர் வட்டாரத்து ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி உதிர்ந்தும் மங்கியும் போயிற்று. அவற்றின் சாந்தை ஆராய்வதற்கு அயலூரிலிருந்தே ஒருவர் வரவேண்டும் என்பது என்ன நியதி?

படிக்கும் வழிகளும் இல்லாமற் போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் பயிலலாம். கலை வரலாற்றுக்குப் பரோடா பெயர் பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் தொல்லியலும் ஒரு பாடம். அதில் உயர்ந்த தகுதி பெற்று ஆராய்ச்சியில் சேர்வோர்க்குத் திங்கள்தோறும் உதவித்தொகை கிடைக்கிறது. வீட்டார் கவலையை ஓரளவேனும் தணிக்க இஃது உதவும்.

மொழிகளைப் பற்றி ஒரு சொல். கல்வெட்டுப் படிக்க விழைவோன் தமிழின் பழைய எழுத்தோடு வட்டெழுத்தும் கிரந்தமும் கற்றல் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் ஆகிய ஊர்களில் பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பிறர்க்கில்லாத ஒரு பேறும் உண்டு. அவர்கள் வீட்டில் உருது பேசுகின்றனர். உருது எழுத்தறிந்தவர்க்குப் பாரசீக எழுத்துப் புதிதன்று. விசயநகரத்தார்க்குப் பின் பீசப்பூர்ச் சுல்தான்களும் மராட்டியரும் ஆர்க்காட்டு நவாபுகளும் ஆண்ட கோட்டை வேலூர்க் கோட்டை. அக்கோட்டையின் வரலாற்றை ஆராய்வோர் தமிழ்க் கல்வெட்டோடு பாரசீக ஆவணங்களையும் படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் தாமே படிக்க வல்லார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகும் வாய்ப்பு, வீட்டில் உருதும் பள்ளியில் தமிழும் பயின்ற ஆம்பூர் மாணவிக்கு எளிதில் வாய்க்கும்.