வெட்டுவது ஒரு நாள். மண்ணைத் தேற்றுவது ஒரு பருவம்

சீமைக் கருவேலம் மண்டிய நிலத்தைத் தோட்டமாக்கும் பணி மூன்று கட்டங்களைக் கொண்டது: புதரைத் தூரோடு அகற்றுதல், அது மீண்டும் முளைக்காமல் தடுத்தல், நட்ட செடி வேர்பிடிக்கும் அளவுக்கு மண்ணைத் தேற்றுதல். தமிழ்நாட்டில் நடைபெறும் பெரும்பாலான நில எழிலூட்டல் பணிகளில் முதல் கட்டத்துக்கு மட்டுமே நாளும் தொகையும் ஒதுக்கப்படுகின்றன. பொக்லைன் வந்து போன மறுவாரமே புல்தரை விரிக்கப்படுகிறது. அடுத்த மழைக்குள் கோரையும் கருவேலங் கன்றுகளும் அந்தப் புல்லுக்கு மேலே தலைகாட்டுகின்றன. தோல்விக்குக் காரணம் செடியும் அல்ல, பராமரிப்பும் அல்ல. மண்ணுக்குத் தரப்படாத கால அவகாசமே.

மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மரம் 1870களில் விறகுக்காக அன்றைய சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் தரிசுகளிலும் கண்மாய்களிலும், நகரங்களின் காலி மனைகளிலும் அது பரவிக் கிடக்கிறது. அதை அகற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. அகற்றுவது பற்றிய பேச்சு பெருகியிருக்கிறது. அகற்றிய பின் அந்த மண்ணை என்ன செய்வது என்பதே இத்துறையினர் கவனிக்க வேண்டிய கேள்வி.

எந்திரம் இறங்குவதற்கு முன் நிலத்தை நடந்து பார்த்து, நிற்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறியிட வேண்டும். பனை, வேம்பு, வன்னி, நாட்டுக் கருவேலம் ஆகியவை பெரும்பாலும் புதருக்குள் மறைந்தே நிற்கும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டையாகவும், காய் மணி கோத்தது போல இடையிடையே குறுகியும் இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிராகவும், காய் சதைப்பற்றுள்ள மஞ்சள் நெற்றாகவும் இருக்கும். இந்த வேறுபாட்டை எந்திரம் ஓட்டுபவருக்கும் காட்டிவிடுவது நல்லது. காக்கப்படும் மரத்தின் கிளை விரிந்திருக்கும் எல்லைக்குள் எந்திரம் ஏறக் கூடாது. அடிமரத்தைச் சுற்றி மண் கொட்டவும் கூடாது. வேர் மூச்சுவிட முடியாமல் போனால் அந்த மரம் உடனே சாகாது; இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டுப்போகும்.

வெட்டும் வேலையை நிலத்தின் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மறுபக்கம் நோக்கி நகர்த்த வேண்டும். சுற்றிலும் வெட்டிக்கொண்டே நடுவுக்கு வந்தால், புதரில் வாழும் கீரி, பாம்பு, உடும்பு போன்றவை வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். விரியன் பாம்புகள் உள்ள இடத்தில் தொழிலாளர்களுக்கு அது நேரடி ஆபத்து. முழங்கால் உயரக் காலணியும் தடித்த கையுறையும் கருவேல முள்ளுக்கும் பாம்புக்கும் ஒரு சேரத் தேவை.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் தூர்ப்பகுதியில், மண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ளன. ஆகவே அடிமரத்தைச் சுற்றி மண்ணைப் பறித்து, தூரின் கீழே குறைந்தது 30 செ.மீ. ஆழம் வரை வேர்க்கட்டையோடு பெயர்த்தெடுக்க வேண்டும். அதற்கும் கீழே போகும் ஆணிவேரைத் துரத்திச் செல்லத் தேவையில்லை. பெரும்பாலும் அதிலிருந்து துளிர் வராது. பெயர்த்த குழிகளை அதே மண்ணால் மூடி மிதித்து இறுக்காவிட்டால் பின்னாளில் தரை பள்ளம் பள்ளமாக அமுங்கும்.

வெட்டிய கழிவைக் குவித்துத் தீ வைப்பது இன்றும் வழக்கத்தில் உள்ளது. தீயோடு மேல்மண்ணின் மக்குப் பொருளும் போகும்; அக்கம்பக்கத்து மரங்களின் வேரும் வெந்துபோகும். தண்டும் கட்டையும் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் விலைபோகும். கிளைகளைத் துருவல் எந்திரத்தில் இட்டால் கிடைக்கும் சிராய் நல்ல மூடாக்கு. அதை மண்ணின் மேல் பரப்பலாம். மண்ணோடு கலக்கக் கூடாது. கலந்தால் அது மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது விதை. கருவேல விதையின் ஓடு கடினமானது. மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நெற்றைத் தின்னும் ஆடு மாடுகளின் வயிற்றில் செரிக்காமல் வெளிவந்து முளைக்கும். அதனால் காய் பழுத்து உதிருமுன் வெட்டுவது சிறந்தது. உதிர்ந்திருந்தால் மேற்பரப்பை வாரிக் கூட்டிக் காய்களை அகற்ற வேண்டும். கிடை போடுவதும் பச்சைச் சாணம் இடுவதும் கருவேலம் உள்ள வட்டாரத்தில் விதையை மீண்டும் நிலத்தில் இடுவதாகவே முடியும்.

கோரையும் அருகும் வேறு வகைப் பகை. கோரை மண்ணுக்குள் கிழங்குச் சங்கிலியாலும், அருகு தரையில் ஓடும் தண்டாலும் பெருகுகின்றன. இவை உள்ள நிலத்தில் முதல் உழவையே ரோட்டவேட்டரால் செய்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடியாகும். சட்டிக் கலப்பையால் ஆழமாகப் புரட்டி, சித்திரை வெயிலில் கிழங்கை மேலே காயவிட்டுப் பொறுக்கி எடுப்பதே பயன் தரும். இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். ஈரப்படுத்திய மண்ணின் மேல் ஒளி புகும் மெல்லிய பாலித்தீனை ஓரங்களில் மண்ணிட்டு இறுக்கி ஏப்ரல், மே மாதங்களில் 4 முதல் 6 வாரம் மூடிவைத்தால் பல ஓராண்டுக் களைகளின் விதை அழியும். கோரைக் கிழங்குக்கு இம்முறை மட்டும் போதாது. பார்த்தீனியத்தைப் பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். அதன் மகரந்தமும் இலையும் தோல் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன.

கருவேலம் வளர்ந்த மண் நஞ்சாகிவிட்டது என்றொரு நம்பிக்கை உண்டு. அதை நம்பி மேல்மண்ணை முழுவதும் சுரண்டி வெளியே ஏற்றிவிட்டு, லாரி லாரியாகச் செம்மண் கொட்டுகிறார்கள். இலையிலிருந்து கசியும் பொருட்கள் பிற செடிகளின் முளைப்பைத் தடுப்பது உண்மைதான். சருகை வாரி எடுத்து, மண்ணை உழுது, ஒரு மழைப் பருவம் விட்டால் அந்தத் தடை பெருமளவு தணியும். மறுபுறம், கருவேலம் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்தும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நிழலிலுள்ள மேல்மண்ணில் அக்கம்பக்கத்து வெற்றுத் தரிசைவிட மக்குப் பொருளும் தழைச்சத்தும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். சுரண்டி எறியப்படுவது அந்த நிலத்தின் சிறந்த பகுதி. கட்டட வேலைக்காக மேல்மண்ணை எடுக்க நேர்ந்தால், 15 முதல் 20 செ.மீ. வரை எடுத்து, ஆளுயரத்துக்கு மிகாத குவியலாகச் சேமித்து, சணப்பை விதைத்து மூடிவைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும். வெளிமண் தவிர்க்க முடியாதது என்றால் பழைய தரையைக் கிளறி, முதல் அடுக்கை அதனோடு கலந்துவிட்டு மீதியைப் பரப்ப வேண்டும். இரண்டு மண்ணுக்கும் இடையே தெளிவான எல்லை இருந்தால் நீர் அங்கே தேங்கி வேர் அழுகும்.

மண் பரிசோதனைக்குப் புல்தரைப் பகுதியில் 15 செ.மீ. ஆழத்திலும், மரம் நடும் இடத்தில் 30, 60, 90 செ.மீ. அடுக்குகளிலும் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும். ஆங்கில ‘வி’ வடிவக் குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாகச் சீவி எடுத்த மண்ணைக் கலந்து, பகுத்துக் குறைத்து அரை கிலோ அனுப்பினால் போதும். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருப்பது பெரும்பாலான அலங்காரச் செடிகளுக்கு ஏற்றது. 8.5க்கு மேல் போகும் களர் மண்ணுக்கு ஆய்வகம் சொல்லும் அளவில் ஜிப்சம் இட்டு, நீர் கட்டி வடிக்க வேண்டும். உவர் மண்ணுக்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல நீரும் வடிகாலும் போதும். இரண்டையும் ஒன்றாகக் கருதிச் செலவழிப்பது வீண். கட்டடக் கழிவு கிடந்த இடத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும் காரத்தைக் கூட்டியிருக்கும். அந்தச் சிதைவுகளைப் பொறுக்கி எடுப்பதற்கு மாற்று இல்லை.

எந்திரம் ஓடிய தடங்களில் மண் இறுகியிருக்கும். 30 செ.மீ. ஆழக் குழியில் நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளக்கும்போது மணிக்கு 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் கீழ்மண்ணை உளிக் கலப்பையால் கீறிவிட வேண்டும். இதை மண் ஈரமற்று இருக்கும்போதே செய்ய வேண்டும். கைப்பிடி மண்ணை அழுத்தினால் உதிராமல் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும் நிலையில் எந்தக் கருவியும் இறங்கக் கூடாது. கரிசல், களிமண் நிலங்களில் அது மேலும் இறுக்கத்தையே உண்டாக்கும். கட்டடத்திலிருந்து வெளிநோக்கி 100 அடிக்கு 1 முதல் 2 அடி சரிவு இருக்கும்படி தரையைச் சீர்செய்வதும் இக்கட்டத்தில்தான்.

இறுதியாக, மண்ணுக்கு உயிர் ஊட்டும் வேலை. தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கத் தொடங்கும் 45ஆம் நாள் வாக்கில் மடக்கி உழலாம். களர் நிலத்துக்கும் அது ஏற்றது. வறண்ட செம்மண்ணுக்குக் கொழிஞ்சியும் சணப்பையும் பொருந்தும். அடர்ந்து வளரும் இப்பயிர்கள் கருவேலம், பார்த்தீனியம் ஆகியவற்றின் இளங்கன்றுகளை நிழலால் அடக்குகின்றன. தப்பி முளைத்தவை மடக்கி உழும்போது வெளிப்பட்டுவிடும். தொழு உரம் சூடேறி முழுமையாக மக்கியதாக இருக்க வேண்டும். மக்காத தென்னை நார்க்கழிவில் கரிமம் தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் உள்ளது. அதை நேரடியாக இட்டால் செடி மஞ்சளாகி நிற்கும்.

இவை அனைத்தையும் வடகிழக்குப் பருவமழையோடு பொருத்திவைத்தால் நாட்காட்டி தானாக அமையும். மாசியில் தூர் அகற்றுதல், சித்திரையில் கோடை உழவும் பாலித்தீன் மூடாக்கும், ஆனி முடிவுக்குள் மண் திருத்தம், ஆடியில் பசுந்தாள் விதைப்பு, ஆவணி இறுதியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ மடக்கி உழவு, ஐப்பசி மழையில் நடவு. இந்த வரிசையில் எதை விட்டாலும் அடுத்த ஆண்டு களையெடுப்புச் செலவாக அது திரும்பி வரும். மழைக்கு முன் நிலத்தை வெறுமையாக விட்டால் மேல்மண் கரைந்து ஓடும்.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே மூன்று நிபந்தனைகளைச் சேர்ப்பது தொழில்முறையினரின் கடமை: தூர் அகற்றும் ஆழம், மேல்மண் பாதுகாப்பு, அகற்றுதலுக்கும் நடவுக்கும் இடையே குறைந்தது ஒரு பருவ இடைவெளி. முதல் மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கும் பணியையும் ஓராண்டுக்கு விலையில் சேர்த்தே சொல்ல வேண்டும். அவசரப்படும் வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்பவரே நிலத்துக்கும் தொழிலுக்கும் நேர்மை செய்தவர் ஆவார்.