கேட்காமல் எடுத்த நிலம்: நரிதா விமான நிலையத்தின் கதை



விமான நிலையம் வந்தா நமக்கென்ன, நாம என்ன பிளேன் ஏறியா வயலுக்குப் போறோம் என்று சிலர் கேட்கிறார்கள். பிளேன் ஏறுகிறவனுக்கு அது இரண்டு மணி நேரத்துச் சங்கதி. அது இறங்குகிற இடத்தில் நிலம் வைத்திருக்கிறவனுக்குத் தலைமுறைச் சங்கதி. மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை என்று சொல்லி, சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரை 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 13 கிராமங்கள், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். ஏகனாபுரத்து மக்கள் அப்போதே போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதலும் கொடுத்துவிட்டது. இதைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே, "ஜப்பானைப் பாருங்கய்யா, எப்படி முன்னேறியிருக்கான்" என்று நமக்குப் பாடம் எடுக்க ஆள் வந்துவிடுகிறது.

சரி, ஜப்பானையே பார்ப்போம். டோக்கியோ பட்டணத்துக்கும் இரண்டாவது விமான நிலையம் ஒன்று உண்டு. பெயர் நரிதா. அது யார் நிலத்தில், எப்படி வந்தது என்று அந்தப் பாடத்தில் சொல்ல மாட்டார்கள். நாம் சொல்லுவோம்.

டோக்கியோவின் பழைய விமான நிலையம் ஹனேடா, கடலோரத்தில் இருக்கிறது. 1960களில் ஜெட் விமானங்கள் பெருகின. ஹனேடா தாங்காது, புது இடம் பார் என்றார்கள். 1965 நவம்பரில் டோமிசாட்டோ என்ற ஊரைக் குறித்தார்கள். 2,300 ஹெக்டேர், நம் கணக்கில் 5,700 ஏக்கருக்குக் கிட்ட. விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். அரசாங்கம் என்ன செய்தது? திட்டத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, 1,065 ஹெக்டேர் என்று ஆக்கி, சில கிலோமீட்டர் தள்ளி சன்ரிசுக்கா என்ற இடத்துக்கு நகர்த்தியது. டோக்கியோவிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். 1966 ஜூலை 4ஆம் தேதி மந்திரிசபை முடிவு எடுத்தது. அந்த ஊர் ஜனங்கள் விஷயத்தைத் தெரிந்துகொண்டது ரேடியோவிலும் டிவி செய்தியிலும்தான். ஒரு அதிகாரி வீட்டு வாசலில் வந்து நின்று, "அய்யா, உங்க நிலம் வேணும், என்ன சொல்றீங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் சன்ரிசுக்கா? அங்கே ஜப்பான் மன்னர் குடும்பத்தின் கால்நடைப் பண்ணை இருந்தது, அரசு வனமும் இருந்தது. சர்க்கார் நிலம்தானே, சுலபமாக முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். நம்ம ஊரில் "எல்லாம் புறம்போக்கு, தரிசு" என்று எழுதுகிறார்களே, அதே கணக்குதான். ஆனால் 1,065 ஹெக்டேரில் சுமார் 670 ஹெக்டேர், அதாவது 1,650 ஏக்கர் அளவுக்கு, ஜனங்களின் சொந்த நிலம்.

அந்த நிலத்துக்காரர்களில் பலர் பரம்பரைப் பண்ணையாரும் இல்லை. 1945ல் யுத்தம் தோற்ற பிறகு மஞ்சூரியாவிலிருந்து கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தவர்கள், ஒகினாவா தீவிலிருந்து வந்தவர்கள், பக்கத்து ஊர்களில் பாகப்பிரிவினையில் நிலம் கிடைக்காத இளைய பிள்ளைகள். அவர்களைக் கொண்டுவந்து பண்ணை நிலத்தைத் திருத்திச் சாகுபடி செய்யச் சொன்னதே அரசாங்கம்தான். குடிசை போட்டு, மரவேரும் மூங்கில் வேரும் தோண்டி, மண்வெட்டியால் கொத்திக் கொத்தி இருபது வருஷத்தில் விளைநிலமாக்கினார்கள். வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தர்பூசணி, காய்கறி. அதற்கு மேல் ஒரு கொடுமை கேளுங்கள். 1960களின் தொடக்கத்தில் அரசாங்கமே அந்தப் பகுதிக்குப் பட்டு வளர்ப்புத் திட்டம் கொண்டுவந்தது. மல்பெரி நடுங்கள் என்றது. நட்டார்கள். செடி தழைத்து வருகிற நேரத்தில் விமான நிலையம் என்று சொல்லி, பட்டுத் திட்டத்தை அந்த அரசாங்கமே கைகழுவிவிட்டது. மானியம் வாங்கி நட்டதைப் பிடுங்கச் சொல்லுகிற அரசாங்கம் எல்லா தேசத்திலும் இருக்கிறது போல.

1966லேயே சன்ரிசுக்கா, ஷிபாயாமா இரண்டு ஊர் விவசாயிகளும் சேர்ந்து எதிர்ப்புச் சங்கம் அமைத்தார்கள். தலைவர் இஸ்ஸாக்கு தொமுரா, விவசாயக் கருவி விற்கிற பட்டறைக்காரர், கிறிஸ்தவர், சிற்பமும் செய்வார். ஷிபாயாமா ஊராட்சி மன்றம் முதலில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. வருஷம் முடிவதற்குள் அதே மன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மேலேயிருந்து என்ன அழுத்தம் வந்திருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சங்கத்தில் இளைஞர் படை, பெண்கள் படை, முதியோர் படை, சிறுவர் படை என்று வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் வேலை இருந்தது. சர்வேக்காரன் வந்தால் தகர டிரம்மைத் தட்டுவார்கள், வயலில் நிற்கிறவன் அப்படியே ஓடிவருவான். 1967 அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீசைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் முதல் முளையே அடிக்க முடிந்தது. எருக்குழிச் சரக்கை மூட்டை கட்டி சர்வேக்காரர்கள் மேல் வீசியதும் உண்டு. பெண்கள் மரத்தோடு தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். நிலத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டி உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் நம் கவனத்துக்கு உரியது. அங்கே நில அளவுக்கு 'ட்சுபோ' என்று ஒரு கணக்கு, இரண்டு பாய் விரிக்கிற இடம், நம் சென்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு கூட வராது. திட்டத்துக்கு நடுவில் இருக்கிற நிலத்தை இப்படித் துண்டு துண்டாக ஆதரவாளர்கள் பலர் பேரில் பதிந்துவைத்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக நோட்டீஸ், தனித்தனியாகப் பேச்சு. சட்டத்தின் இண்டு இடுக்கிலேயே அரசாங்கத்தை அலையவிட்ட வேலை.

ஆனால் எல்லோரும் நின்றார்களா என்றால், இல்லை. விலை ஏறியதும் பெரும்பாலோர் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களைத் துரோகி என்று நான் எழுத மாட்டேன். கடன்காரனுக்கு யார் பதில் சொல்வது? அண்ணன் விற்க, தம்பி நிற்க, பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் அங்கே ஏராளம்.

நின்றவர்கள் மேல் 1971ல் கட்டாய வெளியேற்றம் வந்தது, முதலில் பிப்ரவரி, மார்ச்சில், பிறகு செப்டம்பரில். செப்டம்பர் 16ஆம் தேதி மோதலில் மூன்று போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து, தனியாகக் குடியிருந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டை, அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு இடித்தார்கள். அக்டோபர் முதல் தேதி, இளைஞர் படையில் இருந்த 22 வயதுப் பையன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். 1977 மோதல்களிலும் இரு தரப்பிலும் உயிர் போனது. செத்த போலீஸ்காரனும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைதான். ரத்தம் சிந்தியதை நம் சங்கம் ஒருநாளும் நியாயப்படுத்தாது. வெளியூரிலிருந்து வந்த தீவிரக் குழுக்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டதும், 1983ல் விவசாயிகள் சங்கமே இரண்டாக உடைந்ததும், 1988ல் நில ஆர்ஜிதக் கமிட்டித் தலைவரை நடுத்தெருவில் தாக்கி முடமாக்கியதும், போராட்டத்தின் பேரைக் கெடுத்தன. ஊர்க்காரன் கையில் இருக்க வேண்டிய கயிறு வெளியாள் கைக்குப் போனால் இப்படித்தான் ஆகும்.

1971ல் திறக்க வேண்டிய நிலையம். 1978 மார்ச் 30க்குத் தேதி குறித்தார்கள். நான்கு நாள் முன்பு, சாக்கடைக் குழாய் வழியாக உள்ளே ஏறிய ஆட்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக் கருவிகளை நொறுக்கிவிட்டார்கள். கடைசியில் மே 20ஆம் தேதி, ஆயிரக்கணக்கான போலீஸ் காவலில் திறப்பு விழா நடந்தது. மூன்று ஓடுபாதை போட வேண்டிய இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, 4,000 மீட்டர்.

கேட்காமல் எடுத்ததற்கு அரசாங்கம் கொடுத்த விலையையும் பாருங்கள். விமான எண்ணெய் கொண்டுவரும் குழாய் போட வழியோர ஜனங்கள் விடாததால், 1983 வரை எண்ணெய் ரயிலில்தான் வந்தது. புல்லட் ரயில் விடுகிறோம் என்று வேலை தொடங்கி, பாதிக்கு மேல் நகராமல் கைவிட்டார்கள். அதற்காக நிலையத்துக்கு அடியில் கட்டிய ஸ்டேஷன் 1991 வரை சும்மா கிடந்தது. வழியனுப்ப வருகிற பாட்டி கூட அடையாள அட்டை காட்டினால்தான் உள்ளே போகலாம் என்ற கட்டுக்காவல் 2015 மார்ச் வரை இருந்தது. உலகத்துக்கே நேரம் தவறாத ரயில் ஓட்டிக் காட்டிய தேசம் அய்யா அது!

பிறகுதான் புத்தி வந்தது. 1991 நவம்பரில் அரசாங்கமும், மாகாணமும், எதிர்ப்புச் சங்கத்தின் ஒரு பிரிவும், நடுவில் பேராசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மூடிய அறையில் இல்லை, ஜனங்கள் முன்னால், 15 அமர்வு. மறுபிரிவு வர மறுத்துவிட்டது. 1993ல் அரசாங்கம் கட்டாய ஆர்ஜித மனுக்களைத் திரும்பப் பெற்றது. இனி பலவந்தம் இல்லை என்று வாக்குக் கொடுத்தது. 1995ல் பிரதமர் முராயாமா விவசாயிகளிடம் மன்னிப்புக் கேட்டார். முளை அடித்து 28 வருஷம் கழித்து!

மன்னிப்பு வந்தது, நிலம் வரவில்லை. மீதி நிலத்துக்காரர்கள் தராததால், இரண்டாவது ஓடுபாதையை 2,180 மீட்டருக்குச் சுருக்கி, 2002 ஏப்ரலில், உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்னால் திறந்துவிட்டார்கள். நிலம் தராதவன் கூரைக்கு 40 மீட்டர் மேலே விமானம் போகிறது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதுதான் அவனுக்குக் கிடைத்த பேச்சுவார்த்தை. 2009ல் அந்த ஓடுபாதையை எதிர்ப்பக்கம் வடக்கே நீட்டி 2,500 மீட்டர் ஆக்கினார்கள்.

இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. ஹனேடாவில் இடமே இல்லை, வேறு வழியே இல்லை என்றுதானே இத்தனை பேரை விரட்டினார்கள்? அதே ஹனேடாவைக் கடலைத் தூர்த்து அகலப்படுத்தினார்கள். 2010ல் அங்கே நான்காவது ஓடுபாதை திறந்தது, வெளிநாட்டு விமானங்கள் மறுபடியும் பட்டணத்துக்குள்ளேயே பெரிய அளவில் வந்து இறங்குகின்றன. ஒசாகா பக்கம் 1994ல் திறந்த கன்சாய் நிலையத்தைக் கடலுக்குள் செயற்கைத் தீவு போட்டே கட்டினார்கள். கடலை நிரப்புவதும் இலவசம் இல்லை, மீனவருக்கு அதில் நஷ்டம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் "வேறு வழியே இல்லை" என்று எந்த அதிகாரி சொன்னாலும், எந்த எந்த இடத்தைப் பார்த்தீர்கள், எதை எதற்காகத் தள்ளினீர்கள் என்று எழுத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நரிதா கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. மூன்றாவது ஓடுபாதைக்கு 2018ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதைச் சேர்த்தால் மொத்தப் பரப்பு 2,300 ஹெக்டேருக்கு வருகிறது. டோமிசாட்டோவில் ஜனங்கள் விரட்டிய அதே 2,300! குறைத்துவிட்டோம் என்று சொல்லி நுழைந்தவன் அறுபது வருஷத்தில் பழைய கணக்குக்கே வந்துவிட்டான். இரவு 11 மணிக்கு மேல் விமானம் கூடாது என்று இருந்த ஏற்பாட்டையும், 2019ல் ஒரு ஓடுபாதைக்கு 12 மணி என்று தளர்த்திவிட்டார்கள். 2023 பிப்ரவரியில், நிலையத்தின் நடுவே மூன்று தலைமுறையாகக் காய்கறி போடுகிற ஒரு குத்தகை விவசாயியின் நிலத்தில் ஒரு பகுதியைக் கோர்ட்டு உத்தரவோடு, ராத்திரி நேரத்தில் போலீஸ் வைத்து எடுத்தார்கள். நிலத்துக்காரர் தங்களுக்குச் சொல்லாமலே விமான நிலையத்துக்கு விற்றுவிட்டார், நாங்கள் அவருக்கே குத்தகை கட்டிக்கொண்டிருந்தோம் என்பது அந்தக் குடும்பத்தின் வாதம். நம்மில் வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

வருகிற கிராம சபைக்கு ஒவ்வொரு ஊரிலும் நம் உறுப்பினர்கள் குடும்பத்தோடு போக வேண்டும். உங்கள் ஊர் நிலம் எந்தத் திட்டத்துக்காவது குறிக்கப்பட்டிருக்கிறதா, சர்வே எண்கள் என்னென்ன, மாற்று இடம் எது பார்த்தார்கள் என்று கேட்டு, கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். கூட்டம் கலைவதற்கு முன்பே அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றும் உங்கள் பேரில் சரியாக இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். தாத்தா பேரில் இருந்தால் இப்போதே மாற்ற மனுப் போடுங்கள். குத்தகைக்காரர்கள் நெல்லாகக் கொடுத்தாலும் பணமாகக் கொடுத்தாலும் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குங்கள். நகல்களைச் சங்க அலுவலகத்தில் சேர்த்தால் ஊர்வாரியாகக் கோப்புப் போட்டு வைக்கிறோம்.

செயலாளர்