அட்டவணையும் வினாவும்

நூலின் இறுதியிலே சொல்லடைவு இருந்தும், அதனைப் புரட்டாது முதல் ஏடு தொட்டு வரிவரியாய்த் தேடுவானைக் கண்டு நாம் நகைப்போம். ஆயினும் கணிப்பொறி பயிலும் நம் மாணவருட் பலர் தம் தரவுத்தளங்களை அறியாமலே இங்ஙனம் உழைக்க விடுகின்றனர்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம், 2014-ஆம் ஆண்டு வெளிவந்த 9.4-ஆம் பதிப்பில், ஜேசன்பி என்னும் வகையை ஏற்றது. முன்னரே கட்டம் வகுக்காது, பதிவுதோறும் வேறுபடும் செய்திகளை ஒரே பத்தியில் இட்டுவைக்க இஃது இடந்தருகின்றது. அவற்றுள் தேடுதற்கு ஜின் என்னும் தலைகீழ் அட்டவணை உண்டு. அலெக்சாண்டர் குரூடன் 1737-இல் வெளியிட்ட வேதாகமச் சொல்லடைவு, ஒரு சொல் வரும் வசனங்களைத் திரட்டிக் காட்டியவாறே, இதுவும் ஒரு செய்தி எவ்வெப் பதிவில் உளதெனக் காட்டும்.

நிற்க. அட்டவணை அமைத்த மாத்திரத்தில் காரியம் முடிந்ததென்று எண்ணுவது தவறு. "ஊர் மதுரை என்பதனை உள்ளடக்கிய பதிவுகள் யாவை?" என வினவின் ஜின் உதவும். "ஊரின் மதிப்பை வெளியே எடுத்து, அது மதுரைதானா எனப் பார்" என வினவினோ, விடை ஒன்றேயாயினும் அவ்வட்டவணை பயன்படாது. பதிவுகள் முழுவதும் படிக்கப்படும். அவ்வினாவிற்கு, எடுக்கும் அக்கோவையின் மீதே தனி அட்டவணை வேண்டும். "வயது 60-க்கு மேற்பட்டோர்" போன்ற வரம்பு வினாக்களுக்கும் அத்தகைய பி-மர அட்டவணையே தக்கது.

அங்ஙனமாயின் எல்லாவற்றிற்கும் அட்டவணை அமைத்தாலென்ன என்பர் சிலர். அட்டவணை ஒவ்வொன்றும் இடங்கொள்ளும்; புதிய பதிவு எழுதுந்தோறும் அதனையும் திருத்த வேண்டுமாதலின், எழுதும் வேலை தாமதப்படும்.

நாடோறும் வினவப்படும் செய்திகளுக்குத் தனிப் பத்தி அளித்து, ஒழுங்கற்ற எஞ்சியவற்றையே ஜேசன்பியில் வைத்தல் வேண்டுமென்பது நமது துணிபு. ஒருமுறை திட்டமிடச் சோம்பினால், அச்சோம்பலின் கடனைப் பின்வரும் ஒவ்வொரு வினாவும் செலுத்தும். எக்ஸ்பிளெயின் என்னும் கட்டளை, வினாவிற்கு விடை தேடும் வழியை உள்ளவாறு காட்டும். அதனை நோக்காது எந்த வினாவையும் நிறைவுற்றதென்று ஒப்புவித்தலாகாது.

பயிற்சிக்கூடத்துப் பத்துப் பதிவுகளில் இக்குற்றம் வெளிப்படாது. மருத்துவமனையொன்றின் பல இலட்சம் பதிவுகளிடையே வெளிப்படுங்கால், காத்து நிற்பவர் நோயாளி. நண்பர்காள், நம் கல்வி பிறர் காலத்தைக் காப்பதாக!