பேய்வலையை யார் எடுப்பது?

செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உலகம் பூரா கடற்கரையைச் சுத்தம் செய்கிற நாளாம். ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற குன்னூரில், நான் எழுத்தராக வேலை பார்க்கிற வங்கிக் கிளையிலும் போன வருசம் கொண்டாடினோம். பேனர், கையுறை, புது விளக்குமாறு. வாசல் சுத்தமாக இருந்ததால் படத்துக்காகக் குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். பத்து நிமிஷம். படம் எடுத்தாச்சு, டீ வந்தாச்சு. கிடந்ததைக் கூட்டி அள்ளினது தினமும் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி அக்காதான். அவங்க படத்துல இல்லை. கேமராவுக்கு முன்னால விளக்குமாறு பிடிச்சா சேவை. வயித்துக்காகப் பிடிச்சா சாதி.

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலையில இருக்கிறவனுக்குக் கடலோட என்ன சோலி என்று தோழர்கள் கேட்கலாம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத்துச் சனங்களைக் கணக்குப்போட்டுப் பங்கு பிரித்தது. அந்தக் கணக்கில் என் பாட்டி தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் நீலகிரித் தேயிலைக்கு வந்து சேர்ந்தாள். அந்த மண்டபத்தைப் பார்க்கப் போன இடத்தில்தான் பாசி எடுக்கிற பெண்களைப் பார்த்தேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். அதிலிருந்து வருகிற அகர்தான் இனிப்புப் பண்டத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகிறது. "பாசிக்குக் கைய விட்டா வலை வருது தம்பி. வலைய விட்டவனைக் கேக்க ஆளில்ல, பாசி பறிச்ச என்னையத்தான் கேக்குறாங்க" என்றார் ஒரு அக்கா.

அவர் சொன்னதில் மிகையில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. 1989இல் வளைகுடாவே உயிர்க்கோளக் காப்பகமானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே செல்லும். அதாவது காகிதத்தில் கடல் காடாகிவிட்டது. தலைமுறையாகப் போய்வந்த தீவில் கால் வைத்தால் குற்றம். பாசியைப் பறிமுதல் செய்தார்கள், படகைப் பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள். இந்தக் கரையில்தான் கடையர்கள் இருக்கிறார்கள். பட்டியல் சாதி. கடலுக்குப் போகிற சாதிகளுக்குள்ளும் ஏணி உண்டு; அதில் அடிப்படி இவர்களுக்கு.

வலை என்ன செய்கிறது? பருத்தி நூல் காலத்தில் தொலைந்த வலை மக்கிப் போகும். நைலான் மக்காது. பவளப்பாறையில் சிக்கிய மடியை அறுத்துவிட்டுப் போனால், அலை இழுக்க இழுக்கப் பவளத்தின் கிளைகள் ஒடியும். வலை மூடிய இடத்தில் வெளிச்சம் படாமல் பவளம் சாகும். நண்டு, ஆமை, ஆவுளியா எல்லாம் மாட்டும். ஆளில்லாமலே பிடித்துக்கொண்டிருப்பதால் பேய்வலை என்கிறார்கள். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,40,000 டன் மீன்பிடிக் கருவிகள் கடலில் விடப்படுவதாக ஐ.நா. அமைப்புகள் 2009இல் தோராயக் கணக்குச் சொன்னன. 2022இல் வந்த ஆய்வொன்று வேறு வழியில் கணக்கிட்டு, புழக்கத்திலுள்ள கருவிகளில் ஏறத்தாழ 2 சதவீதம் வருசாவருசம் தொலைகிறது என்றது.

நாட்டுப்படகுக்காரன் வலையும் தொலையும், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு வலைதான் சொத்து; முடிந்தவரை தேடி எடுப்பான். கரையில் முதல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற விசைப்படகு முதலாளிக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. கரையோரக் கடலில் விசைப்படகு இழுக்கக் கூடாதென்று 1983இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. அந்தச் சட்டத்துக்கு மட்டும் ஏன் கண் மங்குகிறது?

பெண்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது, மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் பாசியைத் தொடாமல் விடுவது, உலோகச் சுரண்டியைத் தவிர்ப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. விருது கலிபோர்னியாவிலிருந்து வருகிறது, விரட்டல் உள்ளூரிலிருந்து வருகிறது. பவளம் செத்தால் முதலில் பட்டினி கிடப்பது இந்தப் பெண்கள். அவர்களைக் குற்றவாளியாக நிறுத்தி எந்தக் கடலையும் காப்பாற்ற முடியாது.

வழி இல்லாமலில்லை. எங்க மலையிலேயே இருக்கு. உடைந்த மதுபாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்து, சென்னை உயர்நீதிமன்றம் சொன்னபிறகு, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவது தொடங்கியது. எத்தனையோ போதனை செய்யாததை அந்தப் பத்து ரூபாய் செய்தது. கடையில் நிற்கிற தொழிலாளி தலையில்தான் அந்தச் சுமையும் விழுந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வலைக்கும் அப்படி ஏன் கூடாது? விற்கிறபோதே முன்பணம், உரியவரைக் காட்டும் அடையாளக் குறி, பழைய வலையை ஆலையே திரும்ப வாங்கும் கட்டாயம். குறியிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை உலக உணவு வேளாண் அமைப்பு 2018இலேயே ஏற்றுக்கொண்டது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்கிற நெறிகள்தான். சட்டமாக்க வேண்டியது நாம்.

இன்னொன்று. சிக்கிய வலையை முங்கி அறுத்தெடுப்பது உயிருக்கு ஆபத்தான வேலை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலும், மலக்குழிக்குள் மனிதனை இறக்குவதையும் தடுக்க 2013இலும் சட்டம் போட்ட நாட்டில், இன்னமும் நம்ம ஆட்கள் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறார்கள். "முங்கத் தெரிந்தவர்கள்தானே" என்று அத்தக்கூலிக்கு இந்தப் பெண்களை இறக்கினால், கடலடியும் இன்னொரு சாக்கடையாகிவிடும். பயிற்சி, கருவி, காப்பீடு, முறையான சம்பளம் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. பூங்கா பற்றி முடிவெடுக்கிற மேசையில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும்.

அடுத்த செப்டம்பரில் அந்தப் படத்தில் நிற்க மாட்டேன். ஒப்பந்த அக்காவுக்கு நிரந்தர வேலையும் சரியான சம்பளமும் கேட்டு ஒரு மனு எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். விளக்குமாறு பிடித்த கைகளில் எத்தனை கையெழுத்துப் போட வருகிறது, பார்ப்போம்.