செயப்படுபொருளும் எழுவாயும்

இலக்கணம் படிப்பிக்கும் ஆசிரியனுக்கு வைத்தியத்தைப் பற்றி எழுத என்ன உரிமை உண்டு என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. யான் எழுதப் புகுந்தது மருந்தைப் பற்றியன்று. என் வகுப்பிலே யான் செய்த பிழையொன்றைப் பற்றியும், அதனை எனக்கு உணர்த்திய கேள்வியொன்றைப் பற்றியுமேயாம்.

என்னிடம் ஆறாந் தரத்திற் படித்த மாணவன் ஒருவன் குழந்தைப் பருவந்தொட்டே பெருமூளை வாதத்தால் வருந்துபவன். ஊன்றுகோலின் துணைகொண்டு நடப்பான். வாரந்தோறும் ஒருநாள் தாயார் அவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வார்; அன்று அவனுக்குப் பாடசாலை இல்லை. அங்கே காலை நீட்டுவர், மடக்குவர், முழங்காலின் கோணத்தை அளந்து எழுதுவர். அளவு சிறிது திருந்தினால் தாயார் மகிழ்வார். திருந்தாவிடிற் கண்ணீர் வடிப்பார். இங்ஙனம் ஏழாண்டுகள் கழிந்தன. அவ்வேழாண்டிலும் அவனை நோக்கி, "தம்பி, உனக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டவர் ஒருவருமிலர்.

வைத்தியசாலையைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. விளையாட்டுப் பாடவேளையிலே ஏனையோர் மைதானத்துக்கு ஓட, அவனைப் புத்தகப் பைகளுக்குக் காவலாக வகுப்பறையில் இருத்தியவன் யானே. அதனை அன்பென்றே எண்ணினேன். வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே குறி இட்டேன். என் கடமை முடிந்ததென்று அமைந்தேன்.

பின்னர் அவ்வைத்தியசாலைக்கு மாற்றலாகி வந்த இளம் இயன்மருத்துவர் ஒருவர் அக்கேள்வியைக் கேட்டார். சிறுவன் தயங்காது விடை கூறினான்: "கிளித்தட்டு மறிக்க வேணும்." அவர் அவ்விடையைத் தம் ஏட்டிற் குறித்துக்கொண்டு, அதற்கு வழியுண்டோ என்று எனக்கும் ஒரு கடிதம் விடுத்தார். அக்கடிதத்தைப் படித்தபோது யான் நாணினேன்.

அவர் செய்தது தம் மனம்போன போக்கன்று. உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட வகைப்பாடு, உடலுறுப்பின் தொழில், ஒருவன் ஆற்றும் செயல், வாழ்க்கையில் அவன் கொள்ளும் பங்கேற்பு என்னும் மூன்றையும் பிரித்துக் காட்டி, சூழலும் இவற்றை ஆக்கவும் தடுக்கவும் வல்லதென உரைக்கின்றது. கால் வளையாமை ஒன்று. நடக்க இயலாமை வேறொன்று. ஆட்டத்திற் சேர்க்கப்படாமை பிறிதொன்று. முதலாவதைத் தீர்த்தாலன்றி மூன்றாவது தீராதென்று நாம் எண்ணியிருந்தோம். அதுவே தவறு.

கனடா நாட்டிற் பெருமூளை வாதமுடைய ஆறு வயதுக்குட்பட்ட 128 குழந்தைகளை இரு சாராராகப் பிரித்து ஆராய்ந்து, அதன் முடிவை 2011இல் வெளியிட்டனர். ஒரு சாராருக்கு உடற்குறையைத் திருத்த முயன்றனர்; மற்றைச் சாராருக்குச் செய்யும் செயலையும் சூழலையும் மாற்றியமைத்தனர். ஆறு மாத முடிவில் இரு சாராரும் ஒப்பவே முன்னேறியிருந்தனர். சூழலை மாற்றுதல் வைத்தியத்துக்குத் தாழ்ந்ததன்று என்பது இதனாற் பெறப்படும். அந்நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பீற்றர் றோசன்பாமும் யான் வில்லெம் கோட்டரும், இத்தகைய குழந்தைகளைக் குறித்துச் சிந்திப்பதற்குச் செயல், குடும்பம், உடற்றகுதி, மகிழ்ச்சி, நண்பர், எதிர்காலம் என ஆறு சொற்களைத் தந்தனர். நாம் நண்பரையும் மகிழ்ச்சியையும் மருந்தின் பட்டியலில் வைத்து எண்ணியதுண்டா?

ஆசிரியர்களுக்கு மிக இன்றியமையாத கருத்தொன்றை அவுஸ்திரேலிய அறிஞர் கிறிஸ்தீன் இம்சும் அவர்தம் கூட்டத்தாரும் விளக்கியுள்ளனர். பங்கேற்புக்கு வருகை, ஈடுபாடு என்னும் இரண்டும் வேண்டும் என்பர் அவர். என் இடாப்பு வருகையை மட்டுமே அறியும். பைகளுக்குக் காவலிருந்தவன் வந்தவன், ஈடுபட்டவன் அல்லன்.

பங்கேற்பு என்னும் சொல்லையே நோக்குக. பங்கு, ஏற்பு என்னும் இரண்டால் ஆயது அது. ஏற்பவன் ஒருவன் உளனாயின், கொடுப்பாரும் உளராதல் வேண்டும். கொடுக்கப்படுவது பிச்சையன்று, அவனுக்கே உரிய பங்கு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டின் உடன்படிக்கை, விளையாட்டிற் பங்குகொள்ளும் உரிமையை அத்தகைய பிள்ளைகளுக்கும் சமமாக வழங்குகின்றது. 2016இல் இலங்கையும் அதனை ஏற்று உறுதிசெய்தது.

இனி, மறுப்பாருமுளர். "பயிற்சியை விட்டால் தசை இறுகாதோ?" என்பர். இறுகும். பயிற்சியை விடுக என யான் கூறவில்லை. அஃது எதன்பொருட்டு என்பதைப் பிள்ளையையும் பெற்றோரையும் கேட்டுத் துணிக என்கின்றேன். "வைத்தியருக்கு நேரமேது? வரிசையோ நீளம்" என்பாருமுண்டு. உண்மைதான். ஆயினும் அக்கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம் போதும். அதன் விடையை நிறைவேற்றும் இடம் பெரும்பாலும் வைத்தியசாலையன்று. பாடசாலை முற்றமும் கோயில் வீதியும் அயல்வீடுமேயாம். அவற்றுக்கு நாமன்றோ பொறுப்பாளர்?

எங்கள் முற்றத்தில் நிகழ்ந்ததைக் கூறி முடிக்கின்றேன். கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். வழி காண எனக்கு ஒருவாரம் செல்லும் என்று எண்ணினேன். பிள்ளைகளுக்கோ சில நிமிடங்களே போதியனவாயின. கடைசிக் கோட்டில் இருவர் நிற்பது, பாதியை அவன் மறிப்பது, மற்றப் பாதியை இன்னொருவன் மறிப்பது என விதி வகுத்தனர். முதல்நாள் அவன் இருமுறை விழுந்தான். யான் பதறி எழுந்தேன். "சேர், நீங்கள் இருங்கோ" என்று அவனே கையமர்த்தினான். அன்று ஒருவனை அவன் தொட்டு மறித்தபோது எழுந்த ஆரவாரத்தை அயல் வகுப்பார் முறையிட்டனர்.

அவன் கால் நேராகிவிடவில்லை. ஊன்றுகோலும் அவனை விட்டகலவில்லை. ஆயினும் வைத்தியசாலைப் பயிற்சியைத் தானே விரும்பிச் செய்கின்றான் என்று தாயார் கூறினார். கோட்டிலே விரைந்து திரும்ப வேண்டுமல்லவா!

'இயன்மருத்துவர் சிறுவனை நடத்தினார்' என்னும் வாக்கியத்திற் சிறுவன் செயப்படுபொருள். 'சிறுவன் கிளித்தட்டு மறித்தான்' என்னும் வாக்கியத்தில் அவன் எழுவாய். இவ்வேறுபாட்டைப் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் யான். அதனை வாழ்க்கையில் எனக்குக் காட்டியவன் அச்சிறுவன். இப்பொழுது எங்கள் வகுப்பிற் பைகளுக்குக் காவல் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு எல்லோரும் மைதானத்துக்குச் செல்கின்றோம்.