பத்து ரூபாய் காயினும் பதினாலு குரூப்பும்



போன வாரம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது. மினி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பூக்கார ஆச்சி. விடியக்காலம் பூ மார்க்கெட்டில் பிச்சி வாங்கி, கட்டி, தெருத் தெருவாக விற்று முடித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். டிக்கெட்டுக்கு இரண்டு பத்து ரூபாய் காயினை நீட்டினார். கண்டக்டர் தம்பி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"காயின் வேண்டாம் ஆச்சி. நோட்டா குடுங்க."

ஆச்சி சுருக்குப் பையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே பூராவும் பத்து ரூபாய் காயின்தான்.

"எல்லாரும் எங்கிட்ட தள்ளிட்டுப் போயிருதாவ. நான் யாருகிட்டய்யா தள்ளுவேன்?"

நான் இருபது ரூபாய் நோட்டைக் கொடுத்து அந்த இரண்டு காயினையும் வாங்கிக்கொண்டேன். அவை இப்போது என் மேசை மேல்தான் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

பத்து ரூபாய் காயின் செல்லாது என்று யார் சொன்னது? ரிசர்வ் வங்கி சொல்லவில்லை. எந்த அரசும் சொல்லவில்லை. நேர்மாறாக, 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே விட்டது: இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, 14-ம் செல்லும் என்று. சந்தேகம் இருந்தால் கேட்க 14440 என்று ஒரு எண்ணையும் கொடுத்தது. ஆனால் நம்ம ஊரில் ஜெயித்தது என்ன? "கோட்டை எண்ணிப் பாரு, ரூபாய்க் குறி இருக்கான்னு பாரு, இல்லேன்னா டூப்ளிகேட்" என்று போனில் வந்த ஒரு மெசேஜ். ரூபாய்க்குப் புதுக் குறியீடு வந்ததே 2010-ல். அதற்கு முன்னால் அடித்த காயினில் அந்தக் குறி எப்படி இருக்கும்? ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யாரும் யோசிக்கவில்லை. அடுத்தவருக்கு அனுப்பியாயிற்று.

அந்த மெசேஜை முதலில் எழுதினவனுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. நஷ்டம் வாட்ஸ்அப்பே இல்லாத அந்த ஆச்சிக்கு. நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். பொய்யை அனுப்புகிறவன் ஒருத்தன். அதற்கு விலை கொடுப்பது எப்போதும் வேறு ஒருத்தர். பெரும்பாலும் நம்மைவிட ஏழை, நம்மைவிட வயசானவர், அல்லது நம்ம பாஷை தெரியாதவர்.

பத்து ரூபாய் என்பதால் சிரித்துவிட்டுப் போகலாம். சில நேரம் விலை பத்து ரூபாயோடு நிற்பதில்லை.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வம் கோயிலுக்கு வந்தது. வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அந்தக் குடும்பத்தில் இருந்த வயசான அம்மா, அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு" என்று அதற்கு முன்பே சுற்று வட்டாரம் முழுக்க வாட்ஸ்அப் மெசேஜ் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். நம்ம வீட்டு ஆச்சி கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க மாட்டாரா?

அந்த வருஷம் பிள்ளை பிடிக்கும் பீதியை நாடு முழுக்கப் பரப்பிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். பைக்கில் வருகிறவன் பிள்ளையைத் தூக்குவான், பிறகு கொண்டுவந்து விட்டுவிட்டு, ஜாக்கிரதையாக இருங்கள் என்று அட்டையைக் காட்டுவான். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டான். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம், ஆளைக் கொல்கிற படம் ஆகிவிட்டது.

அடுத்தது 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் தீயாகப் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழுவே கிளம்பி வந்தது. தமிழ்நாடு காவல்துறை என்ன சொன்னது? ஒரு வீடியோ, திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு பிரிவாகப் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது. இதற்கு நடுவில் ஹோலிப் பண்டிகை வேறு. ஊருக்குப் போகிற வழக்கமான ரயில் கூட்டத்தையும் "உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்" என்று காட்டினார்கள். நம்மைக் கொலைகாரர்கள் என்று ஊரெல்லாம் சொன்னபோது நமக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்தது? அந்தக் கோபம் நியாயமானது. அதே கோபம், நம்ம குரூப்பில் வேறு யாரையாவது பற்றிப் பொய் வரும்போது நமக்கு ஏன் வருவதில்லை?

இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17. தென் மாவட்டங்களில் வானம் பிளந்துகொண்டு கொட்டிய நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. என் அத்தை வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கிராமத்தில், குளத்துக்குக் கீழே. ராத்திரி 11 மணி வாக்கில் எனக்கு ஒரு வாய்ஸ் வந்தது. பதறின குரல். "குளம் உடைஞ்சிருச்சி, எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க, எல்லாருக்கும் அனுப்புங்க." நான் என் கையில் இருந்த 14 குரூப்புக்கும் அனுப்பினேன். அத்தை வீட்டுக்கும் அனுப்பினேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அனுப்பினேன்.

அப்போது அங்கே செல்போன் டவர் வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருந்தால் நல்லது என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அத்தை குடும்பம் கொட்டுகிற மழையில், கரண்டு இல்லாத இருட்டில், மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது. அத்தையின் மாமியாருக்கு அப்போது 78 வயசு. வாய்க்கால் ஓரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ரோடெல்லாம் தண்ணீர். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. இன்றுவரை அந்த ஆச்சி தானாக எழுந்து நடக்கவில்லை.

அந்தக் குளம் உடையவில்லை. அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்த வாய்ஸைத் திரும்பக் கேட்டேன். அதில் ஊர் பேர் இல்லை. குளத்தின் பேர் இல்லை. தேதி இல்லை. பேசுகிறவர் யார் என்றும் இல்லை. கடலூர்ப் பக்கம் இருக்கிற காலேஜ் நண்பனுக்கு அனுப்பிக் கேட்டேன். "மச்சான், இது எங்க ஏரியாவுல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சுத்துச்சேடா" என்றான். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். சிக்னல் எது, இரைச்சல் எது என்று பிரிக்க நாலு வருஷம் பாடம் படித்து, அரியர் எழுதிப் பாஸ் பண்ணினவன். எனக்கு இந்த நாலு கேள்வி அந்த ராத்திரியில் தோன்றவில்லை.

அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ நல்லதுக்குத்தானல அனுப்புன" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி, இதற்கு யார் என்ன செய்தார்கள்? 2012-ல் பெங்களூருவில் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் பரவி, ஆயிரக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். உடனே அரசு, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்எம்எஸ் அனுப்பக் கூடாது என்று 15 நாளைக்குத் தடை போட்டது. 2018 சாவுகளுக்குப் பிறகு வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி செய்தது. 2020-ல், பல கை மாறி வந்த மெசேஜ் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று ஆக்கியது. அதெல்லாம் இருந்துமே நான் 14 குரூப்புக்கு அனுப்பினேன். திரும்பத் திரும்ப அமுக்கினால் போதுமே. பூட்டு போட்டுப் பிரயோஜனம் இல்லை, சாவி நம்ம கட்டைவிரலில் இருக்கிறது.

அரசாங்கமே எது உண்மை, எது பொய் என்று முத்திரை குத்தட்டும் என்றால், அதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. தன்னைப் பற்றிய செய்தி பொய்யா இல்லையா என்று ஒன்றிய அரசே தீர்மானிக்கும் விதியை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அந்த அதிகாரத்தைக் கையில் கொடுக்கக் கூடாது. ஆனால் நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த அந்தச் சுதந்திரத்தை நாம் கண்டதையும் அனுப்பி வீணடித்தால் யாரைக் குறை சொல்வது?

இந்த இடத்தில் நம்ம ஆட்களே சிலர் கேட்பார்கள். "எதிரணி ஐடி விங் பொழுதன்னைக்கும் பொய் சொல்லுது. நாம மட்டும் அரிச்சந்திரன் வேஷம் போட்டு என்ன பண்ண?" நியாயமான எரிச்சல்தான். நான் தேர்தல் நேரத்தில் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவன். எங்கள் வேலையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எதிரிக்குச் சாதகமான பொய் வந்தால் நாம் உடனே துருவிக் கண்டுபிடித்துவிடுவோம். போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டு, எந்த மாநிலம், எந்த வருஷம் என்று பத்து நிமிஷத்தில் பிரித்து மேய்ந்துவிடுவோம். நமக்குச் சாதகமான பொய் வந்தால் மட்டும் அந்தத் திறமையெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. "செம, தலைவா!" என்று அனுப்பிவிடுவோம்.

அதனால்தான் நமக்குச் சாதகமான பொய் நமக்கு அதிக ஆபத்து. ஒரு ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று வேறு மாநில போட்டோவைப் போடுகிறோம் என்று வையுங்கள். மறுநாள் அது அம்பலமாகும். அதற்கப்புறம் நம்ம தெருவில் நிஜமாகவே கிடக்கும் குழியைப் போட்டோ எடுத்துப் போட்டாலும், "இதுவும் அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிட்டுப் போவார்கள். விசைத்தறிக்காரர் கூலிப் பிரச்சினை, பூ விவசாயிக்கு விலை இல்லாத பிரச்சினை, படித்த பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை இல்லாத பிரச்சினை, எல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லவே நமக்கு நேரம் போதவில்லை. இதில் பொய் எதற்கு?

எங்கள் ஒன்றியக் குரூப்பில் ஒரு வருஷமாக மூன்று பழக்கம் வைத்திருக்கிறோம். முடிந்தால் நீங்களும் வையுங்கள்.

ஒன்று. ஊர் பேரும் தேதியும் இல்லாத எதையும் அனுப்புவதில்லை. "எல்லாருக்கும் பகிருங்கள்" என்று அதுவே கெஞ்சினால் இரட்டைச் சந்தேகம். அந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால் ஒரு போன். இல்லையென்றால் விட்டுவிடுகிறோம்.

இரண்டு. படித்ததும் ரத்தம் கொதித்தால் பத்து நிமிஷம் போனைக் கவிழ்த்து வைப்பது. கொதிக்க வைக்கத்தான் அதை அப்படி எழுதியிருக்கிறார்கள்.

மூன்று. தப்பாக அனுப்பிவிட்டால் சத்தம் இல்லாமல் அழிக்கக் கூடாது. எந்தெந்தக் குரூப்பில் போட்டோமோ அந்தந்தக் குரூப்பில், "நான் போட்டது தப்பு" என்று எழுத வேண்டும். நான் 14 குரூப்பிலும் எழுதினேன். சிலர் கிண்டல் பண்ணினார்கள். இரண்டு பேர் மட்டும் தனியாக மெசேஜ் போட்டு, "தம்பி, நானும் அனுப்பிட்டேன், நானும் எழுதிடுதேன்" என்றார்கள்.

இதனால் எங்கள் குரூப் கொஞ்சம் டல்லாகிவிட்டது என்பது உண்மை. முன்பு ஒரு நாளைக்கு முன்னூறு மெசேஜ் வரும். இப்போது முப்பது. ஆனால் அந்த முப்பதையும் ஆட்கள் படிக்கிறார்கள். போன மாசம் எங்கள் குரூப்பில் போட்ட தெருவிளக்குப் புகாரை, எதிர்க்கட்சிக்காரர் ஒருவரே எடுத்துத் தன் குரூப்பில் போட்டார். "அவங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று எழுதியிருந்தார். கட்சியில் சேர்ந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. நாளைக்குக் கடையில் மீதிச் சில்லறையாகப் பத்து ரூபாய் காயின் கொடுத்தால் மறுக்காமல் வாங்குங்கள். டீக்கடையில் செலவு பண்ணுங்கள். அண்ணாச்சி வாங்க மாட்டேன் என்றால், கோபப்படாமல் ரிசர்வ் வங்கி சொன்னதைச் சொல்லுங்கள். நானும் மேசை மேல் கிடக்கிற இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

ஒரு வதந்தியை வாங்கி அடுத்தவர் தலையில் தள்ளாமல் நம்மோடு நிறுத்திப் பழக, பத்து ரூபாயில் ஆரம்பிப்போம்.

- தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர், சங்கரன்கோவில்

#பார்க்காமல்_பகிராதே