புல் கத்தரியும் இருப்புப் புத்தகமும்

நமது சரகத்திலுள்ள விவசாயிகள் சங்கம் ஒன்றின் இருப்பைச் சரிபார்க்க நாம் சென்றிருந்தபோது, பண்டகசாலையின் மூலையில் நான்கு புல் கத்தரிகள் கிடந்தன. பேட்டரியில் ஓடுபவை, கையில் பிடித்து ஒரு விசையை அழுத்தினால் புல்லைக் கத்தரிக்கும் சிறு யந்திரங்கள். புத்தகத்தில் 4 என்றிருந்தது. மூலையிலும் நான்கு இருந்தன. எண்ணிக்கை சரி என்று குறியிட்டோம். ஓடுகின்றனவா என்று வினவியதற்கு, "பேட்டரி போய்விட்டது, ஐயா" என்றார் பண்டகசாலைப் பொறுப்பாளர். விசைகளை நாமும் அழுத்திப் பார்த்தோம், ஒன்றும் அசையவில்லை. பழுதடைந்தவை, கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அந்தக் குறிப்புத் தவறானது. அதனை இங்கே ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. ஏனெனில் இத்தகைய குறிப்புகள் பல சங்கங்களின் புத்தகங்களில் நம் போன்றோர் கையொப்பத்துடன் உறங்குகின்றன.

இந்தக் கத்தரிகள் வேண்டாத ஆடம்பரமோ என்று சில அங்கத்தினர் கேட்கக்கூடும். கருக்கரிவாள் இருக்க இது எதற்கு? நியாயமான கேள்வி. கோரை மண்டிய வரப்புக்கோ, மாட்டுக்குக் கட்டுக் கட்டாகத் தீவனம் அறுப்பதற்கோ இது உதவாது. உதவும் என்று யாரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டாம். மல்லிகைச் செடியின் அடியில், நாற்றங்கால் ஓரத்தில், குந்தி உட்கார முடியாத முதியவர் மணையிலமர்ந்து இளம்புல்லைச் சீர் செய்வதற்கு இது தகுந்த கருவி. மேற்சொன்ன சங்கத்தின் அடுத்த தெருவிலுள்ள நெசவாளர் சங்கமும் இவற்றை வாடகைக்கு எடுத்துவந்தது. சேலம், நாமக்கல் பகுதிகளில் பாவடி என்று வழங்கும் திடலில் பாவு விரிக்கும்போது, ஓரத்துப் புல்லும் நெருஞ்சியும் இழையில் சிக்காதிருக்க வேண்டுமன்றோ? அதற்காகவே எடுத்தனர்.

நமது குறிப்பைக் கண்ட நிர்வாகக் குழு, புதிதாக ஆறு கத்தரிகள் வாங்கத் தீர்மானம் எழுதும் நிலையில் இருந்தது. அப்போது நெசவாளர் சங்கத்து முதிய அங்கத்தினர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பழையவற்றைக் குப்பைக்கு அனுப்பப் போவதைக் கேட்டு, "ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரட்டுமா, ஐயா?" என்றார். முதலில் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்தார். பிறகு கோணி ஊசியால் கத்தியின் பல்லிடுக்கைக் கிளறினார். கறுத்துக் காய்ந்த புற்சாறும், அதனுள்ளே சுருண்டு இறுகிய கழிவு நூலும் வெளிவந்தன. பாவடியில் கிடந்த நூல்தான். புல்லோடு சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் பொருத்தியபோது அக்கத்தரி ஓடிற்று. பட்டப் படிப்பில் தேய்மானக் கணக்குப் போடக் கற்ற நாம் வாய் திறவாது நின்றோம்.

அங்கத்தினர் அறிய வேண்டிய செய்தி இதில் ஒன்றுண்டு. கத்தியில் உள்ள குறை பேட்டரியின் குறை போலத் தோன்றும். இக்கத்தரிகளில் பற்களுடைய இரண்டு கத்திகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. பெரும்பாலான வகைகளில் ஒன்று அசையாது நிற்கும். மற்றொன்று பக்கவாட்டில் விரைந்து ஓடும். இடையே புற்சாறு காய்ந்து பிசின்போல் ஒட்டிக்கொண்டால் அசையும் கத்தியை இழுக்க மோட்டார் மிகுதியாக உழைக்க வேண்டும். மின்சாரமும் மிகுதியாகச் செலவாகும். அரை மணி ஓட வேண்டியது ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். சுமை வரம்பு மீறினால், யந்திரத்தைக் காக்கும் பொருட்டு உள்ளமைந்த மின்சுற்றே மின்சாரத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. வாடகைக்கு எடுத்தவர் இதைக் கண்டு பேட்டரி போயிற்று என்று திருப்பித் தருகிறார்; பொறுப்பாளர் அப்படியே நம்புகிறார்; நாமும் எழுதிவிடுகிறோம்.

இரண்டாவது கத்தரியின் குறை இன்னும் சிறியது. பேட்டரி பொருந்தும் இடத்திலுள்ள உலோகத் தகடுகளில் பச்சை படிந்திருந்தது. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்ததும் சீராயிற்று. பொதுவாகவே, ஓடாத கத்தரியைக் கையில் எடுத்தால் சுலபமானதிலிருந்து தொடங்க வேண்டும். பாதுகாப்புப் பூட்டை விலக்கி விசையை அழுத்தினோமா? புதியவர் பலர் இந்தப் பூட்டை அறியாமலே யந்திரம் கெட்டது என்கின்றனர். பேட்டரி இறுதிவரை உட்சென்று பொருந்தியதா? சார்ஜரின் விளக்கு எரிகிறதா, சுவர்ச் சுவிட்சில் மின்சாரம் வருகிறதா? இவற்றுக்குப் பின்னரே மற்றவை. மோட்டார் ஓடியும் புல் அறுபடாமல் கத்திகளுக்கிடையே மடங்கிப் போனால், முனை மழுங்கியிருக்கிறது. அல்லது கத்திகள் இரண்டும் ஒட்டிப் படியாமல் இடைவெளி விழுந்திருக்கிறது. ஈரப்புல்லானாலும் அப்படி ஆகும். பனி காய்ந்தபின் வெட்டுவது நலம். உயர்ந்த புல்லை ஒரே வீச்சில் அடியோடு வெட்ட முயலாமல், மேலிருந்து இரண்டு மூன்று முறையாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

கத்தியைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றுவதில் விதிவிலக்கே கிடையாது. சிக்கிய நூலை இழுத்தெடுத்த கணமே கத்தி துள்ளி ஓடி விரலைத் துண்டித்துவிடக்கூடும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் பழைய பல் தேய்க்கும் தூரிகையால் கத்தியைத் துடைத்து, தையல் யந்திர எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டால் போதும். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெய் விடுவோர் உண்டு. அது நாளடைவில் பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்த்துக்கொள்ளும். குழாயடியில் பிடித்துக் கழுவுதல் கூடவே கூடாது. மோட்டாருக்குள் நீர் புகும். கூர் தீட்டுவதாயின் பல்லின் சரிவான முகத்தை மட்டும், முன்பிருந்த சரிவு மாறாமல், மெல்லிய அரத்தால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். கத்திகள் ஒன்றோடொன்று படியும் தட்டையான முகத்தில் அரம் பட்டால் இடைவெளி உண்டாகிக் கத்தியே பயனற்றுப் போகும்.

மூன்றாவது கத்தரியில்தான் பேட்டரி மெய்யாகவே போயிருந்தது. அதுவும் உழைத்துப் போகவில்லை. எட்டு மாதம் சும்மா கிடந்து போயிற்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சங்கங்கள் பெரும்பாலும் தவறும் இடமும் இதுவே. பண்டகசாலையில் மருந்து தெளிப்பான்களும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றிலுள்ளது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. அதனை எப்போதும் முழுச் சார்ஜுடன் வைக்க வேண்டும். வெறுமையாக வைத்தால் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும். புல் கத்தரியிலோ இப்போது லித்தியம்-அயனி பேட்டரியே வருகிறது. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகையை உருவாக்கியதற்காக 2019-இல் மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதனை நெடுநாள் வைப்பதானால் பாதியளவு சார்ஜில், வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். சுமார் 3.6 வோல்ட் உடைய இதன் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ இரண்டரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால், சார்ஜர் பெரும்பாலும் அதனை ஏற்க மறுக்கும். அதை வலிந்து உயிர்ப்பிக்க முயல்வதும் ஆபத்து. ஒரே அறையிலிருக்கும் இரண்டு பேட்டரிகளுக்கு இரண்டு விதிகள் என்பதைப் பொறுப்பாளருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.

இன்னொரு பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. முன்பு வழங்கிய நிக்கல்-காட்மியம் பேட்டரியை அவ்வப்போது முழுவதும் தீர்த்துவிட்டே சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பார்கள். லித்தியத்துக்கு அது வேண்டாம். தீரத் தீர விடுவது அதற்குக் கேடு. வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் வைக்காமல் ஆறவிட்டு வைக்க வேண்டும். உப்பிப் போன பேட்டரியையோ, அடிபட்டு நசுங்கியதையோ சார்ஜ் ஏற்றவும் கூடாது, பிரித்துப் பார்க்கவும் கூடாது, தீப்பற்றும். குப்பையிலும் எறியலாகாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன் தீர்ந்தவற்றைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது உற்பத்தியாளர் பொறுப்பு. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, வாங்கிய கடையிலேயே கேட்க வேண்டும்.

இனி நமது கருத்தைக் கூறுகிறோம். பழைய கருவிகளுக்கு ஒரு பொறுப்பாளர் குறிக்கப்படும் வரையில் எச்சங்கமும் புதிய கருவி வாங்கத் தீர்மானம் போடலாகாது. தனி ஒருவரின் தறியை அவரே பார்த்துக்கொள்கிறார். விழுதில் ஓர் இழை அறுந்தால் அன்றைக்கே கட்டிவிடுகிறார். பொதுக் கத்தரியை நாற்பது பேர் எடுக்கின்றனர், துடைப்பவர் எவருமில்லை. இதற்காக அங்கத்தினரை நொந்து பயனில்லை. திரும்பி வரும் கத்தரியைப் பெற்றுக்கொள்பவர் அதை ஓட்டிப் பார்த்து, துடைத்திருக்கிறதா என்று நோக்கி, தேதியிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அரை நிமிட வேலை. வாடகையில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் தேய்மானம் என்று ஏட்டில் எழுதுகிறோமே, அது எழுத்தளவில் நிற்கிறது. ஒரு ஜோடி கத்தி வாங்கப் பெட்டியில் பணமிருப்பதில்லை. வாங்கும்போதும் விலையை மட்டும் பார்க்காமல், மாற்றுக் கத்தியும் பேட்டரியும் கிடைக்குமா என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒரே வகையாக வாங்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று நான்கு கம்பெனிக் கருவிகளை வாங்கினால் ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

நம் துறையினருக்கும் ஒரு சொல். எண்ணிப் பார்த்தால் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். நேரமில்லை என்பர் சிலர். நமக்கும் ஒரு நாளில் மூன்று சங்கங்கள் உண்டு. ஆயினும் தவறான குறிப்பை எழுதவும் நேரம் செலவாகத்தானே செய்தது?

அச்சங்கத்தில் ஆறு கத்தரி வாங்கும் தீர்மானம் கைவிடப்பட்டது. நமது குறிப்பை நாமே அடித்துத் திருத்தினோம். நான்காவது கத்தரியின் மோட்டார் சுழன்றும் கத்தி அசையாததால் நகரத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பிரித்தார்கள். பற்சக்கரம் தேய்ந்து வழவழத்திருந்தது. அதன் நல்ல பேட்டரியை மூன்றாவதற்குப் பொருத்தினர். ஒரே வகையாக வாங்கியிருந்ததால் பொருந்திற்று. கத்திகளைக் கழற்றி எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, சார்ஜர்கள் இருக்கும் அலமாரியிலேயே வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் இப்போது 3 என்றிருக்கிறது.